சிவந்த சிறு விண்மீன்களை அளப்பது

2017 ஏப்ரலில் எல்.எச்.எஸ். 1140 பி என்ற கோள் அறிவிக்கப்பட்டபோது வானியலாளர்களைப் புருவம் உயர்த்த வைத்தது அதன் அடர்த்தி: கன சென்டிமீட்டருக்கு 12.5 கிராம். பூமியின் சராசரி அடர்த்தி 5.5, ஈயத்துக்கே 11.3தான். பிழை வரம்பு பெரிதாக இருந்தாலும், பூமியினுடையதைவிட மிகப் பெரிய இரும்புக் கரு அதற்குள் இருக்கலாம் என்று பேசப்பட்டது. இரண்டு ஆண்டுகள் கழியுமுன் அதே கோளின் அடர்த்தி 7.5 ஆக இறங்கியது. பூமியைப்போல் ஏழு மடங்கு நிறை கொண்ட ஒரு சாதாரணப் பாறைக்கோள் தன் பாரத்தாலேயே இறுகிப்போனால் ஏறக்குறைய அந்த அடர்த்திதான் வரும். பெரிய இரும்புக் கருவுக்குத் தேவையே இல்லாமல் போனது.

இடையில் மாறியது அந்தக் கோள் சுற்றும் விண்மீனைப் பற்றிய நம் கணக்கு. 2017இல் அந்த விண்மீன் ஏறத்தாழ 41 ஒளியாண்டு தொலைவில் இருப்பதாக எடுத்துக்கொண்டார்கள். 2018 ஏப்ரலில் வெளிவந்த கையா விண்கலத்தின் இரண்டாம் தரவுத் தொகுப்பு, அது 49 ஒளியாண்டு தொலைவில் இருப்பதாகக் காட்டியது. அவ்வளவு தூரத்திலிருந்தும் அதே பொலிவுடன் தெரிகிறது என்றால் அது நாம் நினைத்ததைவிட அதிகமாக ஒளிர்கிறது. ஆகவே பெரியது, கனமானது. அதன் ஆரம் சூரியனின் 0.186 மடங்கிலிருந்து 0.214 ஆயிற்று; நிறை 0.146இலிருந்து 0.179 ஆயிற்று. அதோடு சேர்ந்து கோளின் ஆரமும் பூமியின் 1.43 மடங்கிலிருந்து 1.73 ஆகப் பெருத்தது. கோள் விண்மீனின் முகத்தைக் கடப்பதை ஸ்பிட்சர் தொலைநோக்கியால் மீண்டும் துல்லியமாக அளந்ததற்கும் இதில் பங்கு உண்டு என்றாலும் பெரும்பங்கு தூரத்துக்கே. 2024இல் இன்னொரு குழு கோளின் நிறையை 5.6 மடங்காகத் திருத்தி, அடர்த்தியை 5.9க்குக் கொண்டுவந்தது. இப்போது அதே கோளின் எடையில் பத்தில் ஒன்று முதல் இரண்டு பங்கு நீராக இருக்கலாம் என்கிறார்கள். இரும்பில் தொடங்கிய பேச்சு நீரில் வந்து நிற்கிறது.

புறக்கோள் ஆராய்ச்சியில் இது விதிவிலக்கான நிகழ்வு இல்லை. கோளை நாம் நேரில் பார்ப்பது அரிது. அது விண்மீனின் முன்னால் கடந்துபோகும்போது ஒளி எவ்வளவு குறைகிறது என்று அளக்கிறோம். அந்தக் குறைவு தருவது கோளின் ஆரத்துக்கும் விண்மீனின் ஆரத்துக்கும் உள்ள விகிதத்தை மட்டுமே. கோளின் ஈர்ப்பால் விண்மீன் எவ்வளவு தள்ளாடுகிறது என்று நிறமாலையில் பார்த்தால் கோளின் நிறை கிடைக்கும். அந்த நிறையும் விண்மீனின் நிறையைக்கொண்டே கணக்காகிறது. கோளின் தூரம், அதன்மேல் விழும் வெப்பம், அதன் வயது எல்லாம் விண்மீனிடமிருந்து கடன் வாங்கியவை. விண்மீனின் ஆரத்தில் பத்து சதவீதம் தவறினால் கோளின் கனஅளவில் முப்பது சதவீதம் தவறுகிறோம். பாறையா, நீரா, வாயுவா என்ற கேள்விக்கு அந்த முப்பது சதவீதத்தில்தான் விடை இருக்கிறது.

இந்தச் சிக்கல் மிகக் கூர்மையாவது செங்குறு விண்மீன்களில். சூரியனின் நிறையில் 0.08 முதல் 0.6 மடங்கு வரையிலான, மேற்பரப்பு வெப்பம் 4,000 கெல்வினுக்குக் கீழே உள்ள சிறு விண்மீன்கள் இவை. நம் விண்மீன் மண்டலத்தில் நான்கில் ஏறத்தாழ மூன்று விண்மீன்கள் இந்த இனம். இருந்தும் ஒன்றைக்கூட வெறும் கண்ணால் பார்க்க முடியாது. சூரியனுக்கு மிக அருகில் இருக்கும் புராக்சிமா சென்டாரியையே 1915இல்தான் ஜோகன்னஸ்பர்கிலிருந்து ராபர்ட் இன்னஸ் கண்டறிந்தார்.

கோள் தேடுபவர்கள் இவற்றை விரும்புவதற்குக் காரணம் எளிது. பூமி அளவுள்ள கோள் சூரியனைக் கடந்தால் ஒளி 0.0084 சதவீதம்தான் குறையும். சூரியனில் ஐந்தில் ஒரு பங்கு ஆரமுள்ள செங்குறு விண்மீனை அதே கோள் கடந்தால் 0.21 சதவீதம் குறையும், இருபத்தைந்து மடங்கு. திரவ நீர் நிலைக்கக்கூடிய தூரமும் கிட்டத்தில் என்பதால் கோள் சில நாள்களில் அல்லது வாரங்களில் ஒரு சுற்று முடித்துவிடுகிறது. டிராப்பிஸ்ட்-1இன் ஏழு கோள்கள், புராக்சிமாவின் கோள், பர்னார்டு விண்மீனைச் சுற்றும் நான்கு கோள்கள் எல்லாம் இந்த இனத்து விண்மீன்களைச் சுற்றிக் கிடைத்தவை. கண்டுபிடிப்பது எளிதானது. ஆனால் கண்டுபிடித்ததை அளப்பது இங்கே மற்ற எங்கும் இல்லாத அளவுக்குக் கடினமானது.

சூரியனைப் போன்ற விண்மீனின் நிறமாலையில் ஒளி ஒரு சீரான பின்புலமாக ஓடும்; அதில் தனிமங்களின் கருங்கோடுகள் தனித்தனியாக நிற்கும். கோட்டின் ஆழத்தை அளந்து வெப்பத்தையும் உலோகங்களின் அளவையும் சொல்லிவிடலாம். வெப்பம் 4,000 கெல்வினுக்குக் கீழே இறங்கும்போது அணுக்கள் சேர்ந்து மூலக்கூறுகளாகத் தாக்குப்பிடிக்கத் தொடங்குகின்றன. டைட்டானியம் ஆக்சைடு கட்புலன் ஒளியை வரிவரியாக விழுங்குகிறது. அகச்சிவப்பில் நீராவி அதே வேலையைச் செய்கிறது. லட்சக்கணக்கான மூலக்கூற்றுக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து பின்புலம் என்று ஒன்று இல்லாமலே போய்விடுகிறது. எதிலிருந்து அளப்பது? அந்தக் கோடுகள் ஒவ்வொன்றின் இடத்தையும் வலிமையையும் ஆய்வகமும் குவாண்டக் கணக்கும் சேர்ந்து முழுமையாகத் தராத வரை, கணினி மாதிரி உருவாக்கும் நிறமாலை உண்மையான விண்மீனோடு பொருந்துவதில்லை.

இந்த அறியாமைக்கு என்ன விலை என்பது கோள்களைத் தேடிய கெப்ளர் விண்கலத்தின்போது தெரிந்தது. 2009இல் ஏவப்படுவதற்கு முன்பே, எந்த விண்மீன்களைப் பார்ப்பது என்று முடிவு செய்ய ஒரு பட்டியல் தயாரித்தார்கள். சில வடிகட்டிகளின் வழியே அளந்த நிறங்களைக் கொண்டு ஒவ்வொரு விண்மீனின் வெப்பமும் ஆரமும் அதில் மதிப்பிடப்பட்டிருந்தன. சூரியனைப் போன்றவற்றுக்கு அது ஓரளவு போதும். குளிர்ந்த விண்மீன்களில் அது இரண்டு விதமாகச் சறுக்கியது.

முதலாவது, ஆளையே மாற்றிப் பார்த்தது. செங்குறு விண்மீனும் செம்பெரு விண்மீனும் நிறத்தில் ஒன்றுபோலச் சிவப்பு. ஆரத்தில் நூறு மடங்குக்கும் மேல் வேறுபாடு. 2012இல் ஆண்ட்ரூ மானும் அவரது குழுவினரும் நிறமாலைகளை எடுத்துப் பார்த்தபோது, கெப்ளர் பட்டியலில் இருந்த பொலிவான குளிர் விண்மீன்களில் 96 சதவீதம் பெரு விண்மீன்கள் என்று தெரிந்தது. குறு விண்மீனின் மேற்பரப்பில் ஈர்ப்பு வலியது; வாயு நெருக்கமாக அழுந்தியிருப்பதால் சோடியம், கால்சியம் ஹைட்ரைடு போன்றவற்றின் தடங்கள் ஆழமாகப் பதிகின்றன. நிறத்தில் மறைவது நிறமாலையில் வெளிப்பட்டுவிடும். குளிர்ந்த விண்மீன் எவ்வளவு ஒளிர்கிறது என்பதை நிறமாலையிலேயே படிக்கலாம் என்பதற்கு 1957இலேயே ஓர் அழகான சான்று கிடைத்திருந்தது. சென்னையில் பிறந்தவரும், பிற்காலத்தில் ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தை உருவாக்கியவருமான வைணு பாப்புவும் ஓலின் வில்சனும் சேர்ந்து, கால்சியத்தின் கே கோட்டின் நடுவில் தெரியும் உமிழ்வு எவ்வளவு அகலமோ அவ்வளவு ஒளிர்வு என்று காட்டினார்கள். வில்சன்-பாப்பு விளைவு என்று பாடநூல்களில் நிற்பது அதுதான். லட்சக்கணக்கான மங்கலான விண்மீன்களுக்கு நிறமாலை எடுக்க நேரமில்லாததால்தான் கெப்ளர் பட்டியல் நிறத்தை மட்டும் நம்பியது.

இரண்டாவது சறுக்கல், உண்மையான குறு விண்மீன்களையும் அளவுக்கு மீறிப் பெரிதாக மதிப்பிட்டது. 2013இல் கோர்ட்னி டிரெஸ்ஸிங்கும் டேவிட் சார்போனோவும் கெப்ளர் பார்த்த 3,897 குளிர் விண்மீன்களை மறுமதிப்பீடு செய்தார்கள். பட்டியலில் இருந்ததைவிட அவை வழக்கமாக 130 கெல்வின் குளிர்ந்தவை, ஆரத்தில் 31 சதவீதம் சிறியவை. அந்த விண்மீன்களைச் சுற்றும் கோள்களும் அதே விகிதத்தில் ஒரே நாளில் சுருங்கின.

இந்தச் சுருக்கத்தின் மிக நல்ல உதாரணம் இப்போது கெப்ளர்-42 என்று அழைக்கப்படும் விண்மீன். அதன் நிறமும் நகர்வும் பர்னார்டு விண்மீனை அப்படியே ஒத்திருப்பதை முதலில் கவனித்தவர் கெவின் ஆப்ஸ் என்ற ஆர்வலர். தொழில்முறை வானியலாளர் அல்லாத அவர் சொன்னதை ஜான் ஜான்சனும் பிலிப் மியூர்ஹெட்டும் கவனமாக எடுத்துக்கொண்டார்கள் என்பது எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த பகுதி. பாலோமரிலும் ஹவாயிலும் நிறமாலை எடுத்துப் பார்த்தார்கள். இரண்டு விண்மீன்களும் ஏறக்குறைய இரட்டைப் பிறவிகள். பர்னார்டு விண்மீன் ஆறு ஒளியாண்டு தூரத்தில், நம் வீட்டு வாசலில் இருக்கிறது; அதன் தூரமும் கோண விட்டமும் நேரடியாக அளக்கப்பட்டவை. அந்த எண்களை அளவுகோலாக வைத்தபோது கெப்ளர்-42இன் ஆரம் சூரியனில் 0.17 மடங்கு, நிறை 0.13 மடங்கு என்று வந்தது. அதன் மூன்று கோள்களும் பூமியைவிடச் சிறியவை என்றும், கடைசிக் கோள் செவ்வாயின் அளவுதான் என்றும் 2012இல் தெரியவந்தது. எந்தக் கோட்பாட்டு மாதிரியையும் முன்வைக்காமல், நன்றாகத் தெரிந்த ஓர் அண்டை விண்மீனைக் கொண்டு தெரியாத ஒன்றை அளந்தார்கள்.

செங்குறு விண்மீன் அளவீட்டின் கடந்த இருபது ஆண்டு வரலாறு முழுவதும் இந்த வழியின் விரிவுதான். கோட்பாடு கைவிட்ட இடத்தில் அளந்த விண்மீன்களே கோட்பாட்டின் இடத்தை எடுத்துக்கொண்டன.

ஆரத்தை நேரடியாக அளக்க ஒளிக் குறுக்கீட்டுமானி வேண்டும். புராக்சிமாவின் கோண விட்டம் ஒரு வில்விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நிலவில் நிற்கும் ஒரு மனிதரின் உயரம் இங்கிருந்து எழுப்பும் கோணம் அது. கலிஃபோர்னியாவின் மவுண்ட் வில்சனில் உள்ள சாரா அணி ஆறு தொலைநோக்கிகளின் ஒளியை ஒன்றுசேர்த்து, 330 மீட்டர் அகலமுள்ள ஒற்றைக் கருவியின் கூர்மையைப் பெறுகிறது. 2012இல் டபேதா பாயாஜியனின் குழு அதைக்கொண்டு 21 குளிர் விண்மீன்களின் விட்டங்களை வெளியிட்டது. விட்டமும் மொத்த ஒளியும் தெரிந்துவிட்டால் ஸ்டெஃபான்-போல்ட்ஸ்மன் விதி வெப்பநிலையைத் தந்துவிடும். மூலக்கூறுகளோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

நிறையை நேரடியாக அளக்க இரட்டை விண்மீன்கள் வேண்டும். ஒன்றையொன்று சுற்றும் இரண்டின் பாதையைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பதிவுசெய்தால் கெப்ளரின் விதி நிறையைச் சொல்லும். 2000இல் சேவியர் டெல்ஃபோஸின் குழு ஒரு முக்கியமான உண்மையைக் காட்டியது. கட்புலன் ஒளியில் ஒரே நிறையுள்ள இரண்டு செங்குறு விண்மீன்கள் வேறுவேறு பொலிவுடன் தெரியலாம், ஏனெனில் உலோகம் கூடினால் டைட்டானியம் ஆக்சைடும் கூடி ஒளியை விழுங்குகிறது. ஆனால் 2.2 மைக்ரான் அருகே உள்ள கே அலைப்பட்டையில் உலோகத்தின் பாதிப்பு பெரும்பாலும் ஈடாகிவிடுகிறது. அங்கே பொலிவுக்கும் நிறைக்கும் உறவு மிக இறுக்கம். மானும் அவரது குழுவும் இதைப் படிப்படியாகச் செம்மைப்படுத்தினார்கள். 2015இல் 183 அண்டை விண்மீன்களைக் கொண்டு ஆரத்துக்கும், 2019இல் 62 இரட்டைகளைக் கொண்டு நிறைக்கும் அவர்கள் தந்த உறவுகள் 2 முதல் 3 சதவீதத் துல்லியம் கொண்டவை. இவற்றைப் பயன்படுத்தத் தேவையான தூரங்களைக் கையா தாராளமாகக் கொடுத்தது. இன்று ஒரு செங்குறு விண்மீனின் தூரமும் கே பட்டைப் பொலிவும் கையில் இருந்தால், சில நிமிடக் கணக்கில் அதன் நிறையும் ஆரமும் கிடைத்துவிடும். முப்பது சதவீதத் தவறிலிருந்து மூன்று சதவீதத்துக்கு வந்தது ஏறத்தாழ ஏழே ஆண்டுகளில்.

உலோக அளவிலும் உறவுமுறையே கைகொடுத்தது. ஒரே வாயு முகிலில் பிறந்த இரட்டையில் ஒன்று சூரியனைப் போன்றதாகவும் மற்றது செங்குறு விண்மீனாகவும் இருந்தால், முதலாவதின் உலோக அளவை வழக்கமான முறையில் அளந்து இரண்டாவதுக்கும் அதையே கொடுக்கலாம். 2005இல் சேவியர் போன்ஃபில்ஸ் இப்படி 20 இணைகளோடு தொடங்கினார். சிலி நாட்டு வானியலாளர் பார்பரா ரோஹாஸ்-அயாலா கே பட்டையில் சோடியம், கால்சியம் கோடுகளும் நீராவித் தடமும் சேர்ந்து உலோக அளவைக் காட்டிக்கொடுப்பதைக் கண்டார். 2013இல் இணைகளின் எண்ணிக்கை 112 ஆனது. வியாழன் போன்ற பெருங்கோள்கள் உலோகம் மிகுந்த விண்மீன்களைச் சுற்றியே அதிகம் உருவாகின்றன என்பதால், கோள்கள் எப்படிப் பிறக்கின்றன என்ற கேள்விக்கு இந்த எண் தேவை.

இவ்வளவு வெற்றிக்குப் பிறகும் உள்ளே ஒரு முரண் ஆறாமல் இருக்கிறது. அளந்த ஆரங்கள் கோட்பாட்டு ஆரங்களோடு ஒத்துப்போவதில்லை. சி.எம். டிராகோனிஸ் என்ற இணையில் சூரியனின் நிறையில் 0.23, 0.21 மடங்குள்ள இரண்டு செங்குறு விண்மீன்கள் 1.27 நாளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றி, நம் பார்வையில் ஒன்றையொன்று மறைக்கின்றன. மறைப்பின் நேரத்தையும் வேகத்தையும் வைத்து அவற்றின் ஆரங்களை ஒரு சதவீதத்துக்கும் குறைந்த பிழையில் சொல்லலாம். மாதிரிகள் சொல்வதைவிட அவை சில சதவீதம் பெரியவை. நெருக்கமான இணைகள் வேகமாகச் சுழல்கின்றன, அதனால் காந்தப்புலம் வலுத்து வெப்பச்சலனத்தைத் தடுக்கிறது, மேற்பரப்பில் கரும்புள்ளிகள் நிறைகின்றன, விண்மீன் உப்பிவிடுகிறது என்று விளக்கம் சொன்னார்கள். தனியாக, அமைதியாக இருக்கும் விண்மீன்களிலும் பாயாஜியன் குழு ஏறத்தாழ ஐந்து சதவீத ஆர வேறுபாட்டைக் கண்டபோது அந்த விளக்கம் மட்டும் போதாது என்று தெரிந்தது.

கோட்பாடு எல்லா இடத்திலும் தோற்கவில்லை. 2018இல் கையாவின் தரவில் செங்குறு விண்மீன்களின் வரிசைக்கு நடுவே மெல்லிய ஓர் இடைவெளியை வெய்-சுன் ஜாவோவின் குழு கண்டது. சூரியனின் நிறையில் மூன்றில் ஒரு பங்கு அருகே, விண்மீன் முழுவதும் மையம்வரை வெப்பச்சலனத்தில் கலங்கத் தொடங்கும் எல்லை அது. ஹீலியம்-3 எரிவதால் அந்த இடத்தில் ஒரு நிலையின்மை வரும் என்று முன்பே கணக்கிட்டிருந்தார்கள். இவ்வளவு நுட்பமான விளைவைச் சரியாகச் சொல்லும் இயற்பியல், ஆரத்தில் ஐந்து சதவீதம் தவறுகிறது. இந்த இரண்டையும் ஒருசேர விளக்கும் மாதிரி வரும்வரை, 3 சதவீதத் துல்லியம் என்று நாம் எழுதுவது அண்டையில் உள்ள, சராசரி வயதுள்ள, அமைதியான விண்மீன்களுக்கு மட்டும் பொருந்தும் துல்லியம் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். இளமையான, காந்தக் கொந்தளிப்புள்ள விண்மீனுக்கு அதே சூத்திரத்தைப் போட்டு அதே பிழை வரம்பை எழுதும் பழக்கம் ஆய்வுத்தாள்களில் பரவியிருப்பது கவலைக்குரியது.

வயதைப் பற்றி இன்னும் குறைவாகத்தான் சொல்ல முடியும். சூரியன் பிறந்ததிலிருந்து ஏறத்தாழ முப்பது சதவீதம் பொலிவு கூடியிருக்கிறது; செங்குறு விண்மீன் கோடிக்கணக்கான நூற்றாண்டுகளில்கூட மாறுவதே தெரியாது. மாறாத ஒன்றில் கடிகாரம் எங்கே? சுழற்சி மெல்ல மெல்லக் குறைவதை வைத்து ஊகிக்கலாம். புராக்சிமாவுக்கு ஆல்ஃபா சென்டாரி இணை துணையாக இருப்பதால் அவற்றின் வயதைக் கடன் வாங்கலாம். அது ஏறத்தாழ 500 கோடி ஆண்டு. தனித்து நிற்கும் டிராப்பிஸ்ட்-1க்கு ஆடம் பர்காசரும் எரிக் மாமாஜெக்கும் 2017இல் இயக்கம், சுழற்சி, உலோகம் என எல்லாத் தடயங்களையும் கூட்டிப் பார்த்துச் சொன்னது 760 கோடி ஆண்டு, கூடுதல் குறைவு 220 கோடி. இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. செங்குறு விண்மீன் நிலைபெறும் முன் பல கோடி ஆண்டுகள் இப்போதைவிட அதிகமாக ஒளிரும். இன்று மிதமான வெப்பத்தில் இருக்கும் கோள் அன்று கொதித்துத் தன் நீரையெல்லாம் இழந்திருக்கலாம்.

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி வந்த பிறகு சிக்கல் புதிய இடத்துக்கு நகர்ந்திருக்கிறது. 26 ஒளியாண்டு தூரத்தில் உள்ள ஜிஜே 486 என்ற செங்குறு விண்மீனை, பூமியைவிட முப்பது சதவீதம் பெரிய ஒரு பாறைக்கோள் ஒன்றரை நாளில் சுற்றுகிறது. அது கடந்துபோகும்போது வெப் எடுத்த நிறமாலையில் நீராவியின் சாயல் தெரிந்ததாக 2023இல் சாரா மோரனின் குழு அறிவித்தது. பாறைக்கோளுக்கு வளிமண்டலம், அதில் நீராவி! ஆனால் அதே அறிவிப்பிலேயே அவர்கள் நேர்மையாக இன்னொரு வழியையும் எழுதினார்கள்: நீராவி விண்மீனின் கரும்புள்ளிகளிலேயே இருக்கலாம். இது கற்பனை இல்லை. நம் சூரியனின் கரும்புள்ளிகளில் நீர் மூலக்கூறுகள் இருப்பது 1995இலேயே உறுதியாயிற்று. சூரியனைவிட மிகக் குளிர்ந்த விண்மீனின் புள்ளிகளில் அது இன்னும் அதிகம் இருக்கும். கோள் மறைக்கும் பகுதியில் புள்ளி இல்லாமல் மற்ற இடங்களில் இருந்தால், கழித்துப் பார்க்கும்போது விண்மீனின் நீராவி கோளின் நீராவியாக வேடம் போடும். பெஞ்சமின் ராக்காமின் குழு 2018இலேயே இதைக் கணக்கிட்டு எச்சரித்திருந்தது. டிராப்பிஸ்ட்-1 பி கோளின் கடப்பு நிறமாலையிலும் மேலோங்கித் தெரிந்தது விண்மீனின் கைவரிசைதான்.

கே2-18 பி கோளைப் பற்றி 2025 ஏப்ரலில் நிக்கு மதுசூதன் குழு வெளியிட்ட உயிர்த்தடய அறிவிப்பும் அதைச் சுற்றி எழுந்த விவாதமும் தமிழ் நாளிதழ்கள்வரை வந்தன. விவாதம் முழுவதும் உயிரின் அடையாளமாகச் சொல்லப்பட்ட வாயுவின் தடம் உண்மையா என்பதில் இருந்தது. அது கடல் மூடிய கோளா, சிறு நெப்டியூனா என்ற அடிப்படைக் கேள்வி அதன் நிறையிலும் ஆரத்திலும் நிற்கிறது. அந்த ஆரம் 2017இல் பூமியின் 2.4 மடங்குக்குச் சற்றுக் குறைவாக இருந்து 2019இல் 2.6 ஆனது, விண்மீனைப் பற்றிய மதிப்பு திருத்தப்பட்டதால். அந்தச் செய்திகள் எதிலும் விண்மீனைப் பற்றி ஒரு வரிகூட நான் பார்க்கவில்லை.

தொலைநோக்கி நேரத்தைப் பங்கிடும்போதும் இதே மனநிலை வேலை செய்கிறது. ஓர் இரட்டை விண்மீனின் பாதையைப் பத்தாண்டு பின்தொடர்வதற்கோ, டைட்டானியம் ஆக்சைடின் கோடுகளை ஆய்வகத்தில் எண்ணுவதற்கோ எந்தப் பத்திரிகையும் தலைப்பிடாது. ஆனாலும் இப்போது மாற்றத்தின் அடையாளங்கள் தெரிகின்றன. செங்குறு விண்மீன்களின் பாறைக்கோள்களுக்கு வளிமண்டலம் உண்டா என்று பார்க்க வெப்பின் 500 மணி நேரத்தை ஒதுக்கிய பெருந்திட்டத்தில், அந்த விண்மீன்களின் புற ஊதாக் கொந்தளிப்பை அளப்பதற்கென்று ஹபிள் தொலைநோக்கியின் ஏறத்தாழ 250 சுற்றுகளையும் சேர்த்தே ஒதுக்கினார்கள். நாசாவின் பண்டோரா என்ற சிறு விண்கலம் இந்த ஒரு கேள்விக்காகவே வடிவமைக்கப்பட்டது. 45 சென்டிமீட்டர் தொலைநோக்கி. ஒரே நேரத்தில் கட்புலன் ஒளியில் பொலிவையும் அகச்சிவப்பில் நிறமாலையையும் பதிவுசெய்து, எது புள்ளி, எது கோளின் காற்று என்று பிரிப்பதே அதன் வேலை. குறைந்தது இருபது கோள்கள், ஒவ்வொன்றையும் பத்து முறை, முறைக்கு 24 மணி நேரம் என்பது திட்டம். இதில் கடப்பு நடப்பது சில மணி நேரந்தான். மீதி நேரமெல்லாம் விண்மீனைப் பார்ப்பதற்கு.